பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் பணம்: எங்கள் தெருவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர், சென்னைப் பெருநகரக் காவல் உயரதிகாரிகள், சென்னை மாநகராட்சி மேயர் ஆகியோருக்கு,

வணக்கம். ஊர் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து நகரத்தின் ஓரத்தில் குடிவைக்கப்பட்ட வாரியக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவள் நான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குற்றச் செய்தி வரும்போது மட்டும் பெயர் அடிபடுகிற இடங்கள் உங்களுக்குத் தெரியும். அப்படி ஓரிடம்தான் எங்களுடையதும். குற்றத் தடுப்புக்கென்று நீங்கள் செலவிடும் பணத்தில் எங்கள் பகுதிக்கு என்ன வருகிறது, வருவதற்கு முன்னால் யாரிடம் கேட்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். மூன்று இடங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதில் முடிந்துவிடுகிறது.

இரவு ஒன்பதரைக்கு மேல் எங்கள் பெண்கள் வேலை முடிந்து வருவதைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் வேலைக்குப் போகிறவர்கள். வண்டி மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். முதல் வளைவு வரை வெளிச்சம் இருக்கும். அதற்கப்புறம் அடுத்தடுத்து இரண்டு கம்பங்களில் விளக்கு எரியாது. அந்த இடம் வந்ததும் எல்லாரும் போனை எடுத்து டார்ச் போடுவார்கள். தனியாக வருகிறவள் வீட்டுக்கு போன் போட்டு, வாசல் வரும்வரை பேசிக்கொண்டே வருவாள். வளைவில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருக்கிற அக்கா, கடைசி வண்டி வந்து எங்கள் பெண்கள் கடந்துபோகும் வரை அடுப்பை அணைப்பதில்லை. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. அந்த நேரத்தில் அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். எங்கள் பகுதியில் இரவு நேரக் காவல் என்று ஒன்று இருக்குமானால் அது அந்தக் கடையின் ஒற்றை எல்இடி பல்புதான்.

அந்தக் கம்பங்களில் ஒன்றில் சிசிடிவி கேமரா இருக்கிறது. கேமரா வைக்கப் பணம் கிடைத்த இடத்தில் பல்பு மாட்டப் பணம் கிடைக்கவில்லை. இது ஏன் என்று பல அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தோம். பதில் எளிதானது. தெருக்கம்பம் ஒரு துறைக்குச் சொந்தம், பிளாக்கின் மாடிப்படி விளக்கு இன்னொரு துறைக்குச் சொந்தம், கேமராவும் ரோந்தும் மூன்றாவது துறைக்கு. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. நாங்கள் பேசிய அதிகாரிகளில் சிலர் உண்மையாகவே உதவ நினைத்தார்கள். ஆனால் ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்கி மூன்றாவது மாடியில் தன் வீட்டுக் கதவைத் தட்டும்வரை உள்ள தூரத்தை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற பொறுப்பு எந்த நாற்காலிக்கும் இல்லை.

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு 2013-இல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியைத் தொடங்கியது. அதிலிருந்து எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரம் திட்டம் வந்தது. சென்னையும் அதில் ஒன்று. சென்னைக்கான திட்டமதிப்பு ஏறத்தாழ 425 கோடி ரூபாய், மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. மாநகரப் பேருந்துகளில் கேமராவும் அவசரப் பொத்தானும் வந்தது இந்த நிதியில்தான். அது நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். பேருந்தில் போகிற எங்கள் பெண்களுக்கு அது பயன்படுகிறது. பேருந்தை விட்டு இறங்கிய பிறகுதான் எங்கள் கவலை ஆரம்பிக்கிறது.

கேமரா வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. 2017-க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று காவல்துறை ஊர் முழுக்க வைத்தது. சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் ஆளைப் பிடிக்க அது உதவியதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் பிடிப்பது வேறு, தடுப்பது வேறு. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த ஒரு மீளாய்வு, கேமரா இருக்கும் இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. அதிலும் பெரும்பங்கு வாகன நிறுத்துமிடங்களில் கிடைத்த பலன். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. அதே சமயம் நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்பு வளாகங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. அவை எங்களைப் போன்ற ஏழைகள் வாழும் அடுக்குமாடிகள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர் வேறு, பழக்கவழக்கம் வேறு, அப்படியே இங்கே பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். எங்களைக் கேட்டிருந்தால் முதலில் விளக்கைத்தான் கேட்டிருப்போம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வசதியான பகுதிகளில் குடியிருப்போர் நலச் சங்கம் பணம் திரட்டுகிறது, கேமரா எங்கே வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள், இன்ஸ்பெக்டர் வந்து கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார். பணம் போட்டவர்களுக்குப் பேசவும் இடம் கிடைக்கிறது. பணம் போட முடியாத எங்களுக்கு அந்த நாற்காலி இல்லை. ஆனால் நாங்களும் வரி கட்டுகிறோம், வாங்குகிற சோப்பிலிருந்து செல்போன் ரீசார்ஜ் வரைக்கும். பாதுகாப்புக்கான திட்டங்களில் எங்கள் இடங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கண்காணிப்பு. விடிகாலைச் சோதனை, வண்டித் தணிக்கை, முகத்தைப் போட்டோ பிடிப்பது. 2021-இல் காவல்துறை முகம் அறியும் மென்பொருளைக் கையிலெடுத்தது. 2024 மே மாதம் அந்தத் தளத்திலிருந்து தகவல்கள் கசிந்ததைச் செய்தியில் படித்தோம். கசிந்த தகவலில் எங்கள் பிள்ளைகள் முகம் இருக்கிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது?

என் தம்பி உணவு டெலிவரி வேலை செய்கிறான். நகரத்தில் எங்கோ ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள், லைசென்ஸைப் பார்ப்பார்கள், முகவரியைப் படித்ததும் குரல் மாறும். "அங்கேயா இருக்க? இறங்கு கீழே." பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். உள்ளே யாரோ ஆர்டர் செய்த பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும். தாமதத்துக்கு அபராதம் அவன் கணக்கில். அவன் மேல் எந்த வழக்கும் இல்லை. கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருவதும் இதே கதைதான். 2000-லிருந்து நகரத்தின் பல கரைகளிலிருந்தும் கொண்டுவந்து, கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் சேர்த்து 23,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மக்களை வைத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அப்படிப் பெயர்க்கப்பட்டவர்களை ஊருக்கே ஆபத்தானவர்களாகப் பார்ப்பது எந்த விதத்தில் நியாயம்?

அதே கண்ணகி நகரிலிருந்து புறப்பட்ட கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணியோடு தங்கம் வென்றார். வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அந்தப் பதக்கங்களுக்குப் பின்னால் கேரம் போர்டு வைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது, மண் தரையில் போட்ட கபடிக் கோடு இருக்கிறது, மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கள் பகுதியில் ஐந்து மணிக்கு மேல் பையன்களுக்குப் போக இடமில்லை. படிக்கட்டுக்குக் கீழே உட்கார்கிறார்கள். அங்கே யார் யார் வந்து பழகுகிறார்கள் என்று எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். ஒரு பையன் முதல் வழக்கில் மாட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னால் பிள்ளை பெயர் பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று தாய் பயப்படுகிறாள்.

உங்கள் துறையிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளை நல்வழிப்படுத்த 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கினீர்கள். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 மாணவர்கள், மொத்தம் 4.25 கோடி ரூபாய். கணக்குப் போட்டால் ஒரு பிள்ளைக்கு 8,500 ரூபாய். பாதுகாப்பான நகரம் திட்டத்துக்கு வைத்த தொகையில் இது நூற்றில் ஒரு பங்குதான். இரண்டும் ஒரே மாதிரியான செலவு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கம்பத்துக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது அந்தப் பிள்ளையின் தாய் அறையில் இருந்திருக்க வேண்டும்.

மக்களைக் காவலோடு சேர்ப்பது என்றதும் சிலருக்குப் பழைய நினைவு வரும். பொதுமக்கள் காவலர்களுக்குத் துணை நிற்க 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். 2020-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் சித்திரவதையில் இறந்த பிறகு அது தடைசெய்யப்பட்டது. எங்களுக்கு லத்தியோ தொப்பியோ பேட்ஜோ வேண்டாம். பக்கத்து வீட்டானை வேவு பார்க்கிற வேலையும் வேண்டாம். எங்கள் பகுதிக்கு வரும் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும், இதற்கு முதலில் செலவிடுங்கள் என்று சொல்லவும், செலவிட்டீர்களா என்று திரும்பக் கேட்கவும் உரிமை வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

அதற்குப் புதிதாகச் சட்டம்கூட வேண்டியதில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒரு சபை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் பகுதி சபையில் குப்பை, கழிவுநீர், குடிநீர் எல்லாம் பேசுகிறோம். காவல் பற்றிப் பேச்செடுத்தால் "அது நம்ம கையில இல்லம்மா, மாநில அரசு" என்று முடிந்துவிடுகிறது. அரசியல் சட்டப்படி காவல் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மைதான். அதனால் பகுதி சபைக்கு ஸ்டேஷனிலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்காரக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? உள்துறை ஓர் ஆணை போட்டால் போதும்.

கேரளத்தில் 2008-இல் ஜனமைத்ரி திட்டத்தை 20 காவல் நிலையங்களில் தொடங்கினார்கள். ஏறத்தாழ 500 வீட்டுக்கு ஒரு பீட் காவலர். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையாவது அவர் நேரில் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஊர்ச் சமிதியும் கூடும். எங்கள் பகுதியில் முன்பெல்லாம் ரோந்தைப் பதிவு செய்யும் பட்டா புத்தகம் கோயில் சுவரில் தொங்கும், ரோந்துக் காவலர் வந்து கையெழுத்துப் போடுவார். இப்போது செல்போனில் பதிவு. பதிவு நடக்கிறது, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். முகம் பழகுவதற்குள் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்கிறீர்கள், அப்புறம் வேறொருவர் வருகிறார். ஒரு வருடம் எங்கள் தெருக்களைச் சுற்றி வந்த ஒரு பெண் காவலர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு அது சங்கடமாக இருக்கலாம். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு நேரே போய்க் கதவைத் தட்டுவார். இரண்டு குடும்பச் சண்டைகளை ரத்தம் வராமல் நிறுத்தியிருக்கிறார். அவர் மாற்றலாகிப் போனதும் அவரிடம் மட்டுமே பேசிய பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ வரட்டும். வரும்போது, இந்த ஆண்டு எங்கள் பகுதியில் பாதுகாப்புக்கென்று எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது, அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுவரட்டும். கேமராக்களில் எத்தனை வேலை செய்கின்றன என்பதும் அதில் இருக்கட்டும். பெண்கள் பாதுகாப்புக்காக எங்கள் வார்டுக்கு வரும் தொகையில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று சபை தீர்மானிக்கட்டும். முதலில் சின்னத் தொகையாகவே இருக்கட்டும். மாநகராட்சியும் வாரியமும் காவல்துறையும் அதே நாளில் அதே மேசையில் உட்காரட்டும், விளக்கு யாருடையது என்று அங்கேயே முடிவாகட்டும். பீட் காவலரைக் குறைந்தது இரண்டு வருடம் மாற்றாமல் வையுங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருந்தால் பெண்கள் வருவார்கள். வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் யாராலும் வர முடியாது, வந்தவர்கள் கருத்தே மக்கள் கருத்தாகிவிடும்.

எங்களிடம் பட்டியல் தயாராக இருக்கிறது. எந்தெந்தக் கம்பம், எந்தெந்தப் படிக்கட்டு, எந்த வளைவு, எந்தக் காலி அறையில் கேரம் போர்டு போடலாம் என்பது வரை தாய்மார்கள் உட்கார்ந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். கூட்டத் தேதியைச் சொல்லுங்கள், அந்த நோட்டோடு வருகிறோம்.

இப்படிக்கு,
வாரியக் குடியிருப்பு மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்