ஹான்ஸ் எல்லாம் தாத்தாக்கள்

மியூனிக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? அண்ணன் பிள்ளைக்குப் பேர் வைப்பதில் நடக்கிற இழுபறியை மதினி போனில் சொன்னாள். உங்கள் அப்பா பேர் சுடலைமுத்துதான் வைக்கணும் என்று நீங்கள், ரித்விக் என்று அவள். இதில், "ஜெர்மனிக்காரன்லாம் இன்னும் ஹான்ஸ்னுதான வைக்கான், அவன் பேரை மாத்தினானா?" என்று வேறு கேட்டீர்களாமே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஹான்ஸ் இருக்கிறார்கள். எல்லாரும் நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். காலையில் மாத்திரைத் தட்டு அடுக்கும்போது பேர்களை வாசித்துக்கொண்டே வருவேன்: ஹான்ஸ், குந்தர், கார்ல்-ஹைன்ஸ், ஹெல்கா, உர்சுலா, கெர்டா. 1930களிலும் 40களிலும் பிறந்தவர்கள். அப்போது ஹான்ஸ் அவ்வளவு மலிந்து கிடந்ததாலோ என்னவோ, ஹான்ஸ்-பேட்டர், ஹான்ஸ்-யூர்கன் என்று இன்னொரு பேரையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் வளத்தி சுடலை, கருத்த சுடலை, ரைஸ்மில் சுடலை என்று பிரித்த மாதிரிதான்.

எங்கள் மேனேஜர், டாக்டர் எல்லாம் ஐம்பது, அறுபது வயசுக்காரர்கள். அவர்களில் ஒரு ஹான்ஸ்கூட கிடையாது. தோமாஸ், மிஷாயேல், ஷ்டெஃபான், சபீனே. உவரிக் கரையில் தொம்மை, மிக்கேல், ஸ்தேவான் என்று கூப்பிடுகிறார்களே, அதே பேர்கள்தான்.

ஆம்புலன்ஸ் ஓட்டி வருகிற பையனுக்கு முப்பது தாண்டியிருக்கும், பேர் கெவின். ஒரு அமெரிக்கப் படத்துச் சிறுவனால் இந்தப் பேர் இங்கே பரவி, 1991-ல் ஆண் பிள்ளைகளுக்கு வைத்த பேர்களில் முதலிடத்துக்கே வந்துவிட்டது. அப்புறம் அதுவே வினையாகிவிட்டது. 2009-ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, கெவின் என்றாலே அடங்காத பிள்ளை, படிப்பு வராது என்று பலர் நினைப்பது தெரிந்ததாம். பிள்ளை முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே! நம் ஊரில் பேரைக் கேட்டதும் எந்தத் தெரு என்று கணக்குப் போடுகிறவர்கள் இல்லையா, அந்தப் புத்தி இங்கேயும் இருக்கிறது.

இல்லத்துக்கு எதிரே ஒரு பால்வாடி. சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம் கேட்கும்: நோவா, மத்தேயோ, எலியாஸ், எமிலியா. ஹெல்கா என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் எமில், அன்டோன், ஈடா என்று அதைவிடப் பழைய பேர்கள் சில திரும்பி வந்திருக்கின்றன. பூட்டன் காலத்துப் பேர் என்றால் அழகாகத் தெரிகிறது, தாத்தா பேரென்றால் மருந்து வாடை அடிக்கிறது போலிருக்கிறது. அந்தக் கணக்குப்படி சுடலைமுத்து நம் பிள்ளைக்குப் பூட்டன் பேர்தானே, உங்கள் கட்சிக்கும் வலு இருக்கிறது. நான் சொன்னேன் என்று மதினியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நர்சிங் படிக்கச் சென்னை போனபோது, திருநெல்வேலி என்றதும், "உங்க ஊர்ல எல்லாரும் இசக்கிதானே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இன்றைக்கு நம் பள்ளிக்கூடத்து ஒண்ணாம் வகுப்பு ரிஜிஸ்டரைப் பிரித்தால் எத்தனை இசக்கி தேறும்? ஊர்க்காரன் ஒரு பேரை விட்டு அம்பது வருஷம் ஆனாலும் வெளியூர்க்காரன் அதை விடமாட்டான். ஜெர்மன்காரர்களே, மியூனிக் இருக்கிற இந்த பவேரியா மாநிலத்து ஆட்களை "செப்" என்றுதான் கேலி பண்ணுகிறார்கள். ஜோசப்பின் சுருக்கம் அது, நம் சூசை. இங்கே க்ஸாவர் என்றும் ஒரு பழைய பேர் உண்டு. யார் பேர் தெரியுமா? 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தாரே பிரான்சிஸ் சவேரியார், அவர் பேர்தான். மணப்பாட்டுச் சவரிமுத்துவும் பவேரியா க்ஸாவரும் ஒரே சாமி பேர்க்காரர்கள்.

இன்னொரு விஷயம். இங்கே பேர் பதிகிற அலுவலகத்தில், பிள்ளைக்குப் பாதகமான பேர் என்று நினைத்தால் மறுத்துவிடுவார்கள். இந்திய வம்சாவளித் தம்பதி ஒருவர் மகளுக்குக் கிரண் என்று வைக்கப் போக, ஆணா பெண்ணா என்று பேரில் தெரியவில்லை என்று மறுத்து, வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2008-ல் வைக்கலாம் என்று தீர்ப்பானது. நம் ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் முப்பிடாதி என்று வைத்தாலும் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை!

பிள்ளைக்கு என்ன பேர் முடிவானாலும் அண்ணனை உடனே வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள், வெள்ளி அரைஞாணில் பேர் வெட்டச் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் காத்திருக்கிறார். கோயில் கொடைக்கு இந்த வருஷம் வரி எவ்வளவு என்றும் சொல்லுங்கள், இந்த மாசச் சம்பளத்திலேயே அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி