புரூக்ளினில் இருக்கும் மகனுக்கு

கனவாகே, கனடா (நம் மொஹாக் பழங்குடி ஊர்)
ஞாயிறு காலை

மகனே,

பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் கட்டடத்து இரும்புச் சட்டங்களின் மேல் நடக்காதே. முதலிலேயே எழுதிவிட்டேன், அப்புறம் மறந்துபோகும்.

நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. குறை சொல்லவில்லை. உன் அப்பா அங்கே வேலை பார்த்தபோது வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நாலு பேரோடு ஒரே காரில் கிளம்பி நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்வார். அங்கிருந்து இங்கே வர இப்போது ஆறு மணி நேரம்தானாம். பெரியம்மா மகன் வாரம் தவறாமல் வருகிறான்.

இன்று சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சாம்பல் போட்டு வேகவைத்து, தோல் கழன்றதும் கூடையில் கொட்டி அலசினேன். ஐந்து தண்ணீர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது. அரைத்த மாவில் சிவப்பு பீன்ஸைக் கலந்து தட்டி, கொதிநீரில் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். நீ தட்டியது எப்போதும் உடையும். தண்ணீர் கொதிப்பதற்குள் போட்டுவிடுவாய்.

பாப்பாவின் படம் வந்தது. உன் மூக்கேதான். அவள் அம்மாவும் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். போன வாரம் நம் குலத்துக்குத் தலைவியான குலத்தாய் என்னைப் பார்த்து, "குழந்தைக்குப் பெயர் எப்போது?" என்றார். நடுக்குளிர்காலச் சடங்கு வரட்டும் என்று சொல்லி நழுவிவிட்டேன். குலம் தாய்வழியில்தான் வரும். என் அம்மா ஓநாய்க் குலம், நான் ஓநாய், அதனால் நீ ஓநாய். உன் அப்பாவின் ஆமைக் குலம் உனக்கு வரவில்லையே. பாப்பாவின் அம்மாவுக்கோ நம் குலம் எதுவும் இல்லை. உனக்குத் தெரியாததா? ஒரு குலத்தார் தத்தெடுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கு நேரில் வரவேண்டும்.

நீ நின்று வேலை செய்த கோபுரம் பத்திரிகையில் வந்திருந்தது. வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் ஆகஸ்ட் 29 அன்று கல்லறைத் தோட்டத்து இரும்புச் சிலுவைகளுக்கு நடுவில் நின்றபோது வயிறு கலங்கியது. 1907இல் அதே தேதியில், கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் விழுந்து நம் ஊர் ஆண்கள் 33 பேர் ஒரே நாளில் போனார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வேலைக்குப் போகாதீர்கள் என்று பெண்கள் அன்றே சொன்னார்கள். நீயும் பெரியம்மா மகனும் ஒரே கட்டடத்தில்! கொக்கியை மாட்டு.

பாப்பாவிடம் எந்த மொழியில் பேசுகிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? பள்ளியில் நம் மொஹாக் மொழி பேசியதற்காக என் விரல் கணுவில் அடித்தார்கள், அதனால்தான் உனக்குச் சொல்லித்தரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன். அது பாதிதான். பாட்டி உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித்தந்தபோது, வேண்டுமென்றே டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். மூன்றாம் முறை அவள் நிறுத்திவிட்டாள். அதன் பிறகு சாகும்வரை உன்னிடம் திக்கித் திக்கி ஆங்கிலம்தான் பேசினாள். ஏன் என்று நீ கேட்டாய். பாட்டிக்கு மறந்துவிட்டது என்றேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லும் நன்றிச் சொற்களை நம் மொழியில் கேசட்டில் பதிந்திருக்கிறேன். மண், நீர், மீன் வரை தங்குதடையின்றி வருகிறது, அப்புறம் செடிகொடிக்குப் போகும் இடத்தில் நின்றுவிட்டேன். என் நாற்காலி கிரீச்சிடுவதும் அதில் கேட்கும். பிறகு நட்சத்திரம் வரை சொல்லி முடித்தேன். பாப்பா தூங்கும் நேரத்தில் போடு.

கேசட்டும் ரொட்டியும் பெரியம்மா மகனிடம் கொடுத்திருக்கிறேன். ரொட்டியைத் துண்டு போட்டு வெண்ணெயில் வறுத்துக்கொள், அவளுக்கும் கொடு. தண்ணீர் பொங்குகிறது, போகிறேன்.

அம்மா