நெட்டைக்கு, யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து

அன்புள்ள நெட்டை,

நீ அனுப்பிய நாலரை நிமிடக் குரல் செய்தியை மூன்று தவணையில் கேட்டு முடித்தேன். முதல் தவணை படலையில் பாண் வாங்கும்போது, இரண்டாவது சின்னவனுக்குக் கால் கழுவும்போது, மிச்சம் ராத்திரி பத்து மணிக்குக் குசினி வாசலில். பதிலும் பேசியே அனுப்பலாம் என்று தொடங்கினால், ஒவ்வொரு தரமும் சின்னவன் போனைப் பறித்து உனக்கு ஏதோ சொல்லிவிட்டு அழித்துவிடுகிறான். அதனால்தான் எழுத்து. நாலு இரவாக எழுதுகிறேன். இடையில் கதை அறுந்தால் குறை நினைக்காதே.

"நாள் முழுக்கப் பிள்ளையளோட என்னடி செய்யிறாய்?" என்று கேட்டிருந்தாய். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் இவருடைய பெரியம்மாவும் இதைத்தான் கேட்டார். "வேலையையும் விட்டிட்டாய், வீட்டில சும்மாதானே நிக்கிறாய் பிள்ளை, பொழுது போகுதோ?" அந்தக் கோபத்தில் பாயாசத்தை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினேன். நீ கேட்டபோது கோபம் வரவில்லை. உனக்கு உண்மையிலேயே விடை தேவைப்படுகிறது என்று குரலிலேயே தெரிந்தது. கையில் ஏழு மாதப் பிள்ளை, பதினோராம் மாடி, வெளியில் பனி, அம்மாவும் விசா முடிந்து திரும்பிவிட்டார். சரி, சொல்கிறேன்.

காலை ஐந்துக்கு முன்பே எழும்பிவிடுவேன். இவருக்குக் கிளிநொச்சியில் வேலை, ஆறு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். இடியப்பம் நான் அவிப்பதில்லை. ஒழுங்கை முடக்கில் ஒரு அக்கா அவித்து விற்கிறார், மாமிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். சொதியும் சம்பலும் என்னுடையது என்பதால் மன்னித்துவிட்டார். ஏழு மணிபோல் பாண் ஓட்டோ பாட்டோடு வரும். அது பீத்தோவனின் மெட்டு என்று எனக்கே முப்பது வயதில்தான் தெரியும். சின்னவனுக்கு அது ஆடுகிற பாட்டு. வாயில் பல்லுத் தூரிகையோடு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், படலையைப் பிடித்துக்கொண்டு ஆடுவான்.

எட்டு மணிக்குப் பெரியவளை ஸ்கூட்டியில் நேர்சரிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். அவளுக்கு நாலு வயதுதான். போன கிழமை 'அ' வை இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரைப் பக்கத்தில் பென்சிலை முறித்துப் போட்டுவிட்டு, "அம்மா, அ களைச்சுப் போச்சு" என்றாள். மிச்ச ஒன்றரைப் பக்கத்தை நானே இடக்கையால் எழுதினேன். ரீச்சர் 'மிக நன்று' போட்டு நட்சத்திரமும் ஒட்டியிருந்தார். சிரிக்காதே. வாசலில் நிற்கிற மற்ற அம்மாக்கள் இப்போதே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். "எந்த ரியூசனுக்கு விடப்போறீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். பிள்ளை இன்னும் முதலாம் வகுப்பே போகவில்லையடி. இந்த விஷயத்தில் ஊர் நாங்கள் படித்த காலத்தைவிட மோசம்.

அதற்குப் பிறகு பதினொன்றரை வரை நானும் சின்னவனும்தான். உனக்குப் பயன்படக்கூடியது இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன். கிணற்றடியில் ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிறைத்து வெயிலில் வைப்பேன். குளிக்க வார்க்கும் நேரத்துக்கு அது இளஞ்சூடாகிவிடும், அடுப்பு மிச்சம். ஆனால் அவனுக்கு அது குளிக்கிற தண்ணீர் இல்லை. ஒரு சுண்டு, ஒரு ஓட்டைத் தேநீர் வடி, ஒரு சிரட்டை. சுண்டால் அள்ளி வடிக்குள் ஊற்றுவான். தண்ணீர் போய்விடும். வடியைத் திருப்பிப் பார்ப்பான், அடியில் தடவுவான், பிறகு என்னைப் பார்ப்பான், நான்தான் எடுத்து ஒளித்த மாதிரி. மறுபடி அள்ளுவான். நேற்று இதை நாற்பது நிமிடம் செய்தான். நான் பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவி முடித்தேன். விளையாட்டுச் சாமான் என்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறோம், அதற்கு இவன் ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை. உன் குளியலறையில் ஒரு துவாயை விரித்துச் சட்டியில் தண்ணீர் வைத்துப் பார். ஒன்று மட்டும், பக்கத்தை விட்டு எழும்பாதே, போன் அடித்தாலும்.

இந்த மாதம் பதினெட்டு மாத ஊசி. முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும். கிளினிக்கில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன், உண்மையைச் சொன்னால் இந்த மாதத்தில் எனக்குப் பிடித்த ஒன்றரை மணித்தியாலம் அதுதான். வாங்கு நிறைய அம்மாக்கள், மடியில் நீலக் கொப்பியும் பிங்க் கொப்பியும். பெடியனுக்கு நீலம், பெட்டைக்குப் பிங்க், நிறை உயரம் எல்லாம் அதில்தான் ஏறும். யாருடைய பிள்ளை யாருடைய மடியில் என்று தெரியாது. குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் மிட்வைஃப் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் தராசில் இவனைப் போட்டுவிட்டு, கொப்பியில் நிறைக் கோட்டைப் பார்த்து, "கோடு படுக்கப் பாக்குது, என்ன குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். எனக்குப் பரீட்சையில் பெயில் விட்ட மாதிரி இருந்தது. தடிமன், இருமல் என்று இரண்டு கிழமை சாப்பிடவில்லை என்று சொன்னேன். "அப்ப இனி ஒரு நேரம் கூடக் குடுங்கோ, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினார். அழப் பார்த்த எனக்கு அந்த 'அவ்வளவுதான்' போதுமாக இருந்தது.

சாப்பாடு பற்றி நீ கேட்டதற்கு மிட்வைஃப் அக்கா எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். ஆறு மாதம் நிறையும் மட்டும் தாய்ப்பால், பிறகு குழையல் சோறும் பருப்பும். தண்ணீராய்க் கரைக்காதே. கரண்டியைச் சரித்தால் வழியக் கூடாது, அதில் நிற்க வேண்டும். அதற்குள் ஒரு சொட்டுத் தேங்காய்ப்பாலோ எண்ணெயோ. மெல்ல மெல்ல முட்டை, முள்ளெடுத்த மீன், கீரை. வயிற்றை நிரப்ப வேண்டும் என்று கஞ்சியாகவே பருக்கினால் வயிறு நிறையும், உடம்பு வைக்காது. பிறகு, பல்லு முரசில் தேன் தடவச் சொல்லி உன் அம்மா போனில் சொன்னதாகச் சொன்னாய். வேண்டாம். ஒரு வயது நிறையும் மட்டும் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து. இங்கே மாமியோடு இதற்கு நான் ஒரு முழு நாள் மல்லுக்கட்டினேன். "உன்ர மனுசனுக்கு நான் தேன் தடவித்தான் வளத்தனான்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? கொப்பியில் இருக்கிறது, டொக்டர் சொல்கிறார் என்று அங்கே பாரத்தைப் போட்டேன். பிள்ளை பெற்ற பிறகு பத்தியம், வேது, பால்சுறா வறை என்று என்னைத் தேற்றி எடுத்ததும் அதே மாமிதான், அதனால் சண்டை நீளவில்லை.

(இரண்டாம் இரவு. நேற்று இவ்வளவில் கரண்ட் போய்விட்டது.)

பின்னேரம் மூன்று மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் வேலை இழுத்துக்கொண்டு போகும். மூன்று மணிக்கு இரண்டு பேரும் நித்திரை, மாமியும் நித்திரை, தகரக் கூரையில் வெயில் விரல் சொடுக்குகிற சத்தம் மட்டும் கேட்கும். எல்லாரும் "பிள்ளையள் படுக்கேக்க நீயும் படு" என்கிறார்கள். எனக்கு அப்போதுதான் நித்திரை வராது. கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன், மூன்று மணிக்குத் தேநீர் வரும், பக்கத்து மேசையில் ஒரு கதை ஓடும். இப்போது ஒரு பெரிய ஆளோடு முழு வசனம் பேசி எத்தனை மணித்தியாலம் என்று எண்ணத் தொடங்கினேன். ஒரு நாள் குசினியில் நின்று காரணமில்லாமல் அழுதேன். பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டே அழுதேன், அதுதான் பிறகு யோசிக்கச் சிரிப்பாக இருந்தது. உன் குரலில் அந்த மூன்று மணி கேட்டது. அங்கே அது எத்தனை மணிக்கு வருகிறதோ தெரியாது.

எங்களுடைய வேலிப்பொட்டு ஞாபகம் இருக்கிறதா? உன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில், கிணற்றடிப் பக்கம். நீ குனிந்துதான் வருவாய், கிடுகு உன் தலையைக் கோதிவிடும். நான் நிமிர்ந்தே வருவேன். நெட்டை, கட்டை என்று பெயர் வந்ததே அங்கேதான். வருடா வருடம் அப்பா ஆட்கள் வேலி அடைப்பார்கள், அந்த ஓரிடத்தை மட்டும் அம்மாமார் அடைக்க விடமாட்டார்கள். எங்களுக்கு அது பள்ளிக்கூடம் போகிற குறுக்கு வழி. அதற்குள்ளால் கறி போனது, சீனி போனது, என் தம்பி உன் அம்மாவின் இடுப்புக்குப் போனான். உன் அம்மா அவனை வைத்திருந்த அந்த நேரத்தில்தான் என் அம்மா தலை முழுகினார் என்பது எனக்குப் போன வருடம்தான் விளங்கியது.

இப்போது எங்களுக்கு நாலு பக்கமும் மதில். ஆறடி. காசு சேர்த்துக் கட்டியதுதான், குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் மன்னாரில் இருந்து வந்த ஒரு பிள்ளை, அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. எட்டு மாதமாக நான் அவளைக் கொடியில் காய்கிற பிள்ளைத் துணியாகத்தான் அறிந்திருந்தேன். நான் மாஜரினோடு அழுத அந்தக் கிழமை, அங்காலப் பக்கத்துப் பிள்ளை விடாமல் அழுதது. அவளும் சேர்ந்து அழுகிற மாதிரிக் கேட்டது. இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி ஏறி நின்று, "தங்கச்சி, வயித்துக் குத்தோ?" என்று கேட்டேன். அங்கே ஒரு வாளியைக் கவிழ்க்கிற சத்தம். பிறகு ஒரு தலை வந்தது. எண்ணெய் வைக்காத தலை, தோளில் பால் கக்கிய கறை. என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது மூன்றேகாலுக்கு அவள் வாளியில், நான் கல்லில். பெரிய விஷயம் ஒன்றும் கதைப்பதில்லை. மீன் என்ன விலை, இரவு எத்தனை தரம் எழும்பினாய், பிள்ளை பச்சையாய்ப் போனது சரியா. பத்து நிமிடம்தான். அன்றைக்கு இரவு வரை எனக்கு அது காணும்.

ஐந்து மணிக்குக் கோச்சி பார்க்கப் போவோம். இரண்டையும் கூட்டிக்கொண்டு கடவைக்கு நடை. எங்கள் சின்ன வயதில் இங்கே தண்டவாளமே இருக்கவில்லை, கோச்சி என்றால் அப்பா சொல்கிற கதை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி வந்தபோது அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போய் நின்றாரே. இவர்களுக்கு அது தினசரிச் சாமான். கேற் விழுந்ததும் சின்னவன் என் காலைக் கட்டிப்பிடிப்பான், கோச்சி போய் முடிந்ததும் "இன்னும்" என்பான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சுப்பிரமணியம் பூங்கா அல்லது நல்லூர் வீதி. மண்ணில் இருத்திவிட்டு ஒரு சரை கச்சானோடு நாங்களும் இருப்போம். இப்போது பட்டக் காலம் வேறு. ராத்திரியும் எங்கேயோ பட்டத்தில் கட்டின விண் கூவுகிறது, பெரியவள் அதைப் பேய் என்கிறாள்.

உன் பக்கத்துக்கு வருகிறேன். லிஃப்டில் ஒரு சீனப் பெண், தள்ளுவண்டியோடு, 'ஹாய்' மட்டும் சொல்வாள் என்றாயே. உன் மகளுக்கு முரசு வெள்ளையாய்த் தெரிகிறது என்றும் சொன்னாய். முதல் பல்லுக்குப் பிள்ளையின் தலையில் கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டை அவிக்கத்தானே போகிறாய்? ஒரு தட்டு அந்தச் சீனப் பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடு. பேச வார்த்தை இல்லை என்று யோசிக்காதே, பல்லைக் காட்டினால் விளங்கும். வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தி, புத்தகம், பேனா, காப்பு எல்லாம் முன்னால் வை, எதைப் பிடிக்கிறாளோ அதுதான் அவளுடைய எதிர்காலம் என்பார்களே. எங்கள் சின்னவனுக்கு மாமி ஸ்டெதஸ்கோப் ஒன்றும் இரவல் வாங்கி வைத்திருந்தார். இவன் எல்லாவற்றையும் தாண்டித் தவழ்ந்து போய் மூலையில் சாத்தியிருந்த தும்புத்தடியைப் பிடித்தான். சபை அமைதி. மாமிதான், "நல்லது, வீடு கூட்டுற ஆம்பிளை லேசில கிடைக்காது" என்று சொல்லித் தூக்கினார்.

சின்னவன் புரளுகிறான். படம் எடுத்தால் முதலில் எனக்கு அனுப்பு, முகநூலுக்குப் பிறகு.

உன்,
கட்டை

பி.கு: கொழுக்கட்டைக்கு மாவை வறுத்துக் குழை. பயறையும் வறுத்து அவித்துச் சர்க்கரை, தேங்காய்ப்பூவோடு உள்ளே வை. ஓரத்தில் பல்லு மாதிரிக் குத்துகிற தேங்காய்ச் சொட்டை மெல்லிதாய் வெட்டு. தலையில் கொட்டுமுன் நன்றாய் ஆறவிடு. அந்தச் சொட்டுகளைப் பிள்ளையின் கைக்கு எட்ட விடாதே, புரைக்கேறும். அது எங்களுக்கு.