நீ சிரித்த பனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

கனடாவில், வின்னிபெக்கில் மைனஸ் 30-இல் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாய், சரி. அதற்காக, அயர்லாந்தில் இருக்கும் எங்களைப் பார்த்து, "விக்லோவில் கொஞ்சம் பனி விழுந்தாலே ஊரை மூடிவிடுவீர்களே" என்று போனில் அப்படிச் சிரிக்க வேண்டுமா?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வந்து அதைச் சொல்லிப் பார். நாற்பத்தேழு என்றாலே போதும், மாத்திரைக்கு அடம்பிடிக்கும் பாட்டிகூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். 1947 ஜனவரி கடைசியிலேயே கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. பிப்ரவரி 24, 25-இல் பெரிய பனிப்புயல். விழுந்ததை எல்லாம் காற்று வாரிக் குவித்ததில் சில இடங்களில் 15 அடி உயரம். சாலை எது, வயல் எது என்று தெரியாமல் வேலிகளுக்கு மேலேயே நடந்தார்களாம். யாராவது இறந்துபோனால் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல்களைக் கடந்துதான் போக வேண்டும்.

ஆடு தேடிய கதையை அந்தப் பாட்டி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். நீளமான கழியைப் பனிக்குள் மெல்லக் குத்திக்கொண்டே போக வேண்டும். கழி மெத்தென்று எதிலாவது பட்டால் தோண்டலாம். உள்ளே ஆடு உயிரோடு இருந்தால், அதன் மூச்சுச் சூட்டில் மேலே சின்னதாக ஒரு துளை விழுந்திருக்கும். ஆனால் நாய்தான் முதலில் கண்டுபிடிக்குமாம்.

என்னைக் கேட்டால், அவர்களை வாட்டியது பனி மட்டும் இல்லை. 1946 கோடை முழுக்க மழை. அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிப் போட்ட டர்ஃப் மண்கட்டிகள் காயவே இல்லை. அறுவடையும் பாழ். போர் முடிந்தும் ரேஷன் தீரவில்லை, இங்கிலாந்திலிருந்து நிலக்கரியும் ஒழுங்காக வரவில்லை. ஈர டர்ஃப் புகையுமே தவிர எரியாது. நாற்காலியை உடைத்து அடுப்பில் போட்ட வீடுகளும் உண்டு. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. உன் ஊர் பனிக்கென்றே கட்டிய ஊர், பாப்பா. இங்கே குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழைதான். பனி டயர் யார் வாங்கி வைப்பார்கள்?

1982 ஜனவரியிலும் இதே மலைப்பக்கம் துண்டிக்கப்பட்டு, ராணுவ ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. 2018 உனக்கே தெரியும். மார்ச் 1 மாலை 4 மணிக்கு மேல் யாரும் வெளியே வராதீர்கள் என்று அரசாங்கம் சொன்னது. கடையில் பாக்கெட் பிரெட் மொத்தமும் காலி. நீ லீவு கிடைத்த குஷியில் தோட்டத்தில் குதித்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு அன்று நைட் டியூட்டி. நான் போகாவிட்டால் பகலில் நின்ற நர்ஸ் வீட்டுக்குப் போக முடியாது. நான் கேட்கக்கூட இல்லை, பக்கத்துப் பண்ணைத் தாத்தா டிராக்டரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். ஏறி உட்கார்ந்தால் காலடியில் ஒரு மண்வெட்டி, என் மடியில் அவர் நாய். வழியில் இரண்டு இடத்தில் இறங்கிப் பனியை வெட்டித் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஆட்டுத் தீவன விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். போன மாதம்கூட உன்னை விசாரித்தார், நீதான் அவருக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டுகூடப் போடுவதில்லை.

அப்புறம், காரில் போர்வையும் மண்வெட்டியும் வைத்திருக்கிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். என்னிடம் சொல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா