மலைச்சாலைக்கு எந்த ஹைபிரிட்? இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த) எஸ்யூவி ஒப்பீட்டைப் படித்தோம். மைலேஜ், திரை அளவு, சன்ரூஃப், ஏர்பேக் எண்ணிக்கை என எல்லாமே அட்டவணையில் இருந்தன. சாலை மட்டும் இல்லை. போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர்கள் அந்த அட்டவணையை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இந்தப் பகுதியில் பெரும்பாலும் பேச்சு அடிபடுவது மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும்தான். அடிப்படையில் இரண்டும் ஒரே வண்டி, ஆகவே எந்த முத்திரை என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது, மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட்டா, மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டும் செய்யும் மைல்டு ஹைபிரிட்டில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல்கிரிப்பா என்பதில்தான். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு இயந்திரங்கள்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் சக்தி 92 பிஎஸ் (குதிரைத்திறன்). மோட்டாரும் சேர்ந்தால் மொத்தம் 115 பிஎஸ் சொச்சம். பேட்டரி 0.76 யூனிட் மின்சாரம் (கிலோவாட் மணி) கொள்ளும். அரசு அங்கீகாரச் சோதனையில் லிட்டருக்கு 27.97 கி.மீ. இதில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். மைல்டு ஹைபிரிட்டில் நான்கு சிலிண்டர், 103 பிஎஸ் எஞ்சின். அதன் மின்பகுதி பெல்ட்டில் ஓடும் ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர்தான். புறப்படும்போது கொஞ்சம் கைகொடுக்கும், வண்டியை அது மட்டுமே ஓட்டாது. ஆனால் நான்கு சக்கர இழுவையான ஆல்கிரிப் இதில்தான் கிடைக்கும். முதலில் மேனுவல் கியரோடு வந்த ஆல்கிரிப்புக்கு 19.38 கி.மீ என்று சொல்லப்பட்டது. 2025இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடும் வந்தது.

27.97, 19.38 என்ற இரண்டு எண்களைப் பார்த்தவுடன் முடிவெடுத்துவிடத் தோன்றும். ஆனால் அவை சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தவை. மலையடிவாரத்து முந்தலிலிருந்து மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். நான்கு பேருடன் சுமார் 1,550 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் நான்கு யூனிட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். பேட்டரியின் கொள்ளளவோ முக்கால் யூனிட். அதிலும் ஆயுள் கருதி நடுப்பகுதியைத்தான் வண்டி பயன்படுத்தும். ஆகவே தொடர் ஏற்றத்தில் பேட்டரிக் கோடுகள் சீக்கிரமே இறங்கிவிடும், பிறகு பாரம் முழுவதும் எஞ்சின் மேல்தான். அப்போது எஞ்சின் ஒரே சுருதியில் உரக்கக் கத்தும். கிளட்ச் வழுக்குகிறது என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இருக்கும் இ-சிவிடி என்ற தானியங்கி அமைப்பில் வழக்கமான கியர்களும் இல்லை, நாம் மிதிக்கும் கிளட்சும் இல்லை. தேவையான சக்திக்கு ஏற்ற வேகத்தில் எஞ்சின் நிற்கிறது, அவ்வளவுதான். முன்னே ஜீப் ஊர்ந்துகொண்டிருந்தால், முந்துவதற்கு முன் பேட்டரியில் எத்தனை கோடு மிச்சமிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது கதை தலைகீழ். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைப் பிடித்துக்கொண்டே பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். ஏறும்போது செலவழித்த நான்கு யூனிட்டில் டயர் உராய்வும் காற்றும் தின்றது போக, இரண்டு யூனிட்டாவது மின்சாரமாகத் திரும்பக் கிடைக்கக்கூடும். அதை வாங்கி வைக்க இடம் எங்கே? மேட்டிலிருந்து முதல் சில வளைவுகளுக்குள்ளேயே பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகும் ஓட்டுநர் லீவரை வழக்கமான D-யிலேயே வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தால், அதுவரை மோட்டார் தாங்கிய பாரம் பிரேக் பேடுகளுக்குப் போய்ச் சேரும். கருகிய வாசனை, பெடல் பஞ்சுபோல அமுங்குவது, அதற்குப் பிறகும் நிறுத்தாமல் போனால் பிரேக் ஆயில் கொதித்துப் பிடிமானம் போவது என்று வரிசையாக வரும். கியர் லீவரில் D-க்கு அடுத்து இருக்கும் B இதற்காகத்தான். அதில் போட்டால் பேட்டரி நிரம்பிய நிலையிலும் எஞ்சினைச் சுழலவைத்து வேகத்தைப் பிடிக்கும். சத்தம் அதிகமாக வரும், வரட்டும். ஆல்கிரிப்பில் ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய விதி. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாம் கியரில் பிடித்துக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இரண்டு வண்டிக்கும் ஆகாது.

டீலர்கள் தரும் டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் தேனி பைபாஸோடு முடிந்துவிடுகிறது. முந்தல் தாண்டி ஐந்தாறு வளைவாவது, வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கிறோம் என்று வற்புறுத்திக் கேளுங்கள். வளைவில் கிட்டத்தட்ட நின்று மறுபடி புறப்படும்போது என்ன ஆகிறது, இறக்கத்தில் B எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். ஏறும்போது மீட்டரில் வரும் மைலேஜைக் கண்டு கலங்க வேண்டாம், இறங்கும்போது வருவதைக் கண்டு மகிழவும் வேண்டாம். இப்படிப்பட்ட வண்டியை ஏற்கெனவே வைத்திருக்கும் தெரிந்தவர் இருந்தால், ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, போய்வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். (பங்க் போடியிலேயே இருக்கட்டும்; கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல்.)

தோட்டத்துக் கேட் வரை தார்ச்சாலை இருந்து, தினமும் ஏறி இறங்குகிறவர் என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட்டையே வாங்கலாம். கொஞ்சமே திரும்பக் கிடைத்தாலும் தினசரி சேர்ந்தால் அது பெட்ரோல்தான். கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதை, அதுவும் ஆனி ஆடி மழையில் சேறு என்றால் பேச்சே வேண்டாம், ஆல்கிரிப்தான். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களுக்குப் பிடி குறையும். சேற்றில் அவை சுழலத் தொடங்கினால், வழுக்கலைத் தடுக்கும் அமைப்பு சக்தியைக் குறைத்துவிடும், வண்டி அங்கேயே நிற்கும். மைலேஜ் அதைத் தள்ளிவிடாது. ஆல்கிரிப்பில் சேற்றுக்குள் இறங்கும் முன்பே, பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பூட்டி வைக்கும் லாக் முறையைப் போட வேண்டும், மாட்டிக்கொண்ட பிறகு அல்ல.

வெளியே பிளக்கில் போட்டு சார்ஜ் ஏற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் வரட்டும் என்று காத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன இரண்டிலும் பிளக் கிடையாது. வெளிநாடுகளில் விற்ற ஹூண்டாய் டூசான் பிளக்-இன்னில் பேட்டரி 13.8 யூனிட், டொயோட்டா ராவ்4 பிளக்-இன்னில் 18.1 யூனிட். இறக்கத்தில் கிடைப்பதை முழுதாக வாங்கிக்கொள்ள இவற்றில் இடமுண்டு, மேலே இருக்கும்போது நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றாமல் இருந்தால். மூணாறு விடுதியில் இரவெல்லாம் பிளக்கில் போட்டுவிட்டுக் காலையில் இறங்குகிறவர் அந்த வசதியைத் தானே அடைத்துவிடுகிறார். எடையும் கூடுதல் என்பதால் முந்தலிலிருந்து மேட்டுக்கு ஏறுவதற்குள் டூசானின் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது எங்கள் கணக்கு. அதற்குப் பிறகு அது கனமான பெட்ரோல் வண்டிதான்.

ஹைபிரிட்டுக்கு வரிச்சலுகை உண்டு என்று விற்பனையாளர் சொன்னால், எந்த வரி என்று கேளுங்கள். 22-9-2025 முதல் நாலு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த ஸ்ட்ராங், மைல்டு இரண்டு வகைக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்தான். 5 சதவீதம் முழு மின்சார வண்டிக்கு, ஹைபிரிட்டுக்கு அல்ல.

டிக்கியையும் திறந்து பார்க்க வேண்டும். மைல்டு ஹைபிரிட்டில் 373 லிட்டர் இடம், ஸ்ட்ராங்கில் பேட்டரி உட்கார்ந்திருப்பதால் 265. அந்தப் பேட்டரி வண்டிக்குள் இருக்கும் காற்றாலேயே குளிர்கிறது. காற்று உள்ளே போகும் துளை எது என்று டெலிவரி எடுக்கும்போதே காட்டச் சொல்லுங்கள். ஏலக்காய் மூட்டையோ கம்பளியோ அதை அடைத்தால் பேட்டரி சூடேறி வண்டி சக்தியைக் குறைக்கும். சாக்குத் தூசியும் நாரும் வடிகட்டியை அடைக்கும். சர்வீஸில் அதைச் சுத்தம் செய்யும்படி எழுதியே கொடுங்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ உத்தரவாதம் உண்டு.

மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்ப்பதால் பேட் தேய்வது குறைவு. ஆனால் இடுக்கி ஈரத்தில், பேடை அழுத்தும் காலிபர் நகர உதவும் ஊசிகள் துருப்பிடித்து இறுகுவது அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போட வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

தோட்டத்து பங்களாவில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் கவனிக்க: பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் ஸ்ட்ராங் ஹைபிரிட் கிளம்பாது. வாரம் ஒரு முறை 'ரெடி' விளக்கு எரியும் நிலையில் அரை மணி நேரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். சத்தமே இல்லாமல் இருந்தாலும் அந்த நிலையில் வண்டி ஓடத் தயாராக இருக்கிறது. லீவர் P-யில் இருக்கட்டும், சிறுவர்கள் உள்ளே ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்க்கும் பணிமனையினர்,
போடிநாயக்கனூர்.