பிரிக்காத பார்சல்

அன்புள்ள செந்திலுக்கு,

நீ மெல்போர்னிலிருந்து அனுப்பிய பார்சல் புதன்கிழமை வந்தது. மேலே ஒட்டிய சீட்டிலேயே மீன் எண்ணெய் மாத்திரை என்று போட்டிருந்தது. பிரிக்கவில்லை. பீரோ மேல் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்திருப்பதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கிறதாம். மணிக்கட்டில் விரல் வைத்தால் தெரியும். மூன்று துடிப்பு சேர்ந்தாற்போல் வரும், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் இரண்டு. டிக்கெட் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்காதவன் நான். எனக்கு வாய்த்த நாடியைப் பார்!

அந்தப் படபடப்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலறையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 5 மடங்கு என்கிறார்கள். எனக்கு வால்வும் சுருங்கியிருப்பதால் அதற்கும் மேல். பத்து வயதில் தொண்டை வலியோடு வந்து மூட்டெல்லாம் வீங்கிய காய்ச்சலை, பாட்டி கஷாயம் வைத்தே போக்கினாள். காய்ச்சல் போனது, வால்வில் தழும்பு நின்றுவிட்டது.

ரத்தம் கட்டாமல் தடுக்க நான் போடும் வார்ஃபரினை விட்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரைக்கு மாறச் சொன்னாய் அல்லவா? அதையும் டாக்டரிடம் கேட்டேன். மூட்டுக்காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் 4,500 பேரை வைத்து 24 நாடுகளில் செய்த ஆய்வு 2022-ல் வந்ததாம். அவர்களுக்குப் புது மாத்திரையைவிட வார்ஃபரின் வகைதான் உயிரைக் காத்திருக்கிறது. ஆகவே எனக்கு வார்ஃபரின்தான். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க ஐஎன்ஆர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எனக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, ஏறினால் ரத்தக் கசிவு.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். ஆடி மாதம் முழங்கால் வலி தாங்காமல் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஐந்து நாள் போட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பு. எழுந்தால் தலை சுற்றல். வார்ஃபரினோடு அது சேர்ந்ததில் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உன் அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தாள். "அவனிடம் சொல்லாதே" என்றது நான்தான், அவளைத் திட்டாதே.

அதிலிருந்து, வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று எழுதிய ஒரு அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். வயிற்றுப்போக்குக்கு நாம் சாதாரணமாகப் போடும் மெட்ரோனிடசோல்கூட ஐஎன்ஆரை ஏற்றிவிடும். ஒரு ராத்திரி மாத்திரை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடுவதில்லை. துடிப்பை அடக்கும் மெட்டோப்ரோலாலையும் நானாக நிறுத்துவதில்லை, திடீரென்று விட்டால் இதயம் எகிறும். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், அதையே தொடாதே என்று எதிர்வீட்டு மாமா பயமுறுத்தினார். டாக்டர் சிரித்தார். சாப்பிடுங்கள், வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, அதில் மாற்றமில்லை.

இப்போது மீன் எண்ணெய். டப்பா படத்தை டாக்டரிடம் காட்டினேன். அதிக அளவில் எடுத்தால் இந்தத் துடிப்புக் கோளாறே வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதோடு ரத்தத்தையும் கொஞ்சம் இளக்கும், உங்களுக்கு வேண்டாம் என்றார். உன் பாசத்தில் குறை சொல்லவில்லையப்பா.

நீயும் அதை விழுங்குவதாகச் சொன்னாயே, அதனால் உன்னைப் பற்றியும் விசாரித்தேன். என் மூட்டுக்காய்ச்சல் உனக்குப் பரம்பரையாக வராது. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் வேறு: பிரஷர் உண்டா, எடை எவ்வளவு, சர்க்கரை, தைராய்டு பார்த்தாரா, குடிப்பாரா, குறட்டை விடுவாரா? குறட்டை நடுவில் நீ மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதாக மருமகள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது இதற்கு ஒரு பெரிய காரணமாம். வெள்ளிக்கிழமை ராத்திரிக் கச்சேரியும் அப்படியே. ஒரே இரவில் நிறையக் குடித்துத் துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டாம். போன தடவை வந்தபோது 150-க்கு மேல் இருந்த பிரஷரை, விமானக் களைப்பு என்று சொல்லித் தப்பித்தாய். நான் டிக்கெட் இல்லாத ஆட்களிடம் கேட்காத சாக்கா?

அடுத்த ஐஎன்ஆர் பத்தாம் தேதி. என் எண்ணை அன்றைக்கே சொல்கிறேன். அதற்குள் நீயும் ஒரு நாள் காலையில் பிரஷர் பார்த்து உன் எண்ணைச் சொல்லு. பார்சல் பத்திரமாக இருக்கும், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா