அம்மா எழ மறுப்பது பிடிவாதம் அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாரா? கடிந்துகொள்ளாதீர்கள். மறுபடி விழுந்துவிடுவோமோ என்கிற பயம் அது. பயந்தவர் உடம்பை விறைத்துக்கொண்டு, தரையையே பார்த்துக் குட்டிக்குட்டி அடி வைப்பார், அதனாலேயே தடுமாறுவார். படுத்தே கிடந்தால் தொடைத் தசையும் கரைந்துபோகும்.

முதலில் வலியைக் கவனியுங்கள். டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரையை எந்த நேரத்தில் கொடுத்தால் பயிற்சிக்குப் பலன் தரும் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பே தரச் சொல்வார். எழுந்தாலே வலிக்கும் என்று மனதில் பதிந்துவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு.

அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தோளுக்கும் கேடு, தானாக எழ முடியாது என்ற எண்ணமும் வேரூன்றும். கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் ஆன காலைச் சற்று முன்னே நீட்டி, நல்ல காலை உள்ளே இழுத்து, நாற்காலிக் கைப்பிடிகளை அழுத்தி அவரே எழட்டும். நின்ற பிறகுதான் கை வாக்கருக்குப் போக வேண்டும். உட்கார்ந்தபடி அதை இழுத்தால் கவிழும். பிறகு வாக்கர், ஆபரேஷன் ஆன கால், நல்ல கால் என்று வரிசையாக நகரட்டும். நீங்கள் ஆபரேஷன் ஆன பக்கம் சற்றுப் பின்னால் நில்லுங்கள். "விழுந்துடாதீங்கம்மா" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். "பூஜை ரூம் வரைக்கும் போய் விளக்கேத்தலாமா?" என்று கேளுங்கள். பத்தடி நடங்கள் என்பதைவிட அதற்குத்தான் மனசு இறங்கிவரும்.

ஆனால் பொழுது சாய்ந்ததும் ஆளே மாறி, இல்லாதவர்களிடம் பேசினால் அது பயமல்ல, டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். சிலர் கத்தாமல் தூங்கி வழிவார்கள். அசதி என்று வீட்டார் விட்டுவிடுவது இதைத்தான். நோய்த்தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் கட்டுதல், சோடியம் குறைவு, தண்ணீர் போதாமை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்தால் குழப்பம் கூடும். கண்ணாடியும் காது மெஷினும் பகலெல்லாம் போட்டிருக்கட்டும்.

சாப்பாட்டில் விருப்பமின்மை, பேச்சுக் குறைவு, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு 15 கேள்விகள் கொண்ட முதியோர் அளவுகோல் உண்டு. "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரை அழையுங்கள். டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தால் இரவிலும் எடுப்பார்கள்.